டைரக்டர் கேட்ட கோட்டு

இடது கை கோட்டுக்குள் போய்விட்டது. வலது கைதான் வர மறுத்தது. விடியலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்தவருக்கு, மதியத்துக்குள் இத்தனை பிடிவாதமா என்று ஹெர்மினாவுக்கு எரிச்சலாக வந்தது.

"முதுகுப் பக்கம் கிழிச்சுரலாம் கண்ணு," என்றாள் பிணத்துக்கு உடுத்திவிட வந்த பெர்ட்டா. "எல்லாரையும் அப்படித்தான் அனுப்புறோம். முன்னாடி மட்டும்தானே பாப்பாங்க."

"எங்கப்பாவை முன்னாடி யாரு பாத்தா? கூடாது."

அப்பா ஸ்விர்னர் முப்பது வருஷம் பெர்லின் அரங்குகளில் வாத்தியக் குழுவை நடத்தியவர். சனம் கண்டதெல்லாம் முதுகு. காதல் இசைநாடகங்களை ஊமைப்படமாக்கும் கம்பெனியும் அதே முதுகைத்தான் திரையின் கீழ் ஓரத்தில் நிறுத்தியது. ஊருக்கு ஊர் கொட்டகைப் பாடகர்கள் அந்தக் கையசைவைப் பார்த்துத்தான், திரையில் வாயசைக்கும் பிரபுவுக்குக் குரல் கொடுக்க வேண்டும். பிரபு சலவைக்காரியை முத்தமிடும் கடைசிப் பாட்டு மட்டும் படம்பிடிக்கப் பாக்கி.

வாசலில் மோட்டார் வந்து நின்றது. டைரக்டர் பல்லாஷ், எதிர்வீட்டு மாடிக்கும் தெரியும் அகலத்தில் கையில் கறுப்புத் துக்கப்பட்டை கட்டியிருந்தார்.

"கலையுலகமே அநாதையாயிருச்சு அம்மணி," என்று அம்மாவின் கையை முத்தமிட்டார். அடுத்த மூச்சிலேயே விஷயத்துக்கு வந்தார். "அந்தக் கோட்டு வேணும். ஒரு தோள் இறங்கி, அவருக்குன்னே தைச்சது. போட்டு நிக்க ஓர் ஆளும் பிடிச்சாச்சு. மூஞ்சி வேண்டாம், முதுகு போதும்."

"அப்ப இவரு எதைப் போட்டுட்டுப் போவாரு?" என்றாள் அம்மா.

"குழிக்குள்ள எவன் பாக்கப் போறான்? விளம்பரத்துல பேரை இவ்வளவு பெரிசா போட்டுடறேன்." கையை விரித்துக் காட்டினார்.

அம்மா அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷமாக விளம்பரத் தாள்களின் அடியில், அச்சுக்கூடத்தின் பேருக்கு ஒரு வரி மேலே எள்ளளவில் வந்துகொண்டிருந்த பேர் அது.

"குடுத்துரலாமா ஹெர்மினா? அவருக்கும் பெருமைதானேடி?"

ஹெர்மினா அப்பா கிடந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"கிழிங்கக்கா."

"இப்பத்தானே கூடாதுன்ன?"

"கழுத்துல இருந்து கோட்டு வால் வரைக்கும்."

மூன்றாம் முறை கதவு தட்டப்பட்டபோது வலது கையும் சாதுவாக உள்ளே வந்திருந்தது. கோட்டில் ஒரு சுருக்கம் இல்லை. பல்லாஷ் நுழைந்தார். காமிராவை நகர்த்தச் சொல்பவரைப்போலப் பெர்ட்டாவை விரலால் ஒதுக்கிவிட்டு, கோட்டைக் கழற்றப் பிணத்தின் முதுகுக்கடியில் கையை நுழைத்தார். வெறும் சட்டை. இன்னும் கீழே துழாவினார். அங்கேயும் சட்டைதான்.

நிமிர்ந்தவர், ஆறு வாரப் படப்பிடிப்புக்குப் பிறகு முதல்முறையாக அந்த முகத்தைப் பார்த்தார்.

"மீசையா வெச்சிருந்தார் இவர்?"

அம்மா அவரைத் தாண்டி வந்து, மேசையிலிருந்து சீப்பை எடுத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தாள்.