கறுப்பு அம்பாசடரில் வெள்ளைப் புள்ளி

"உன் கண்ணு இன்னா அவிஞ்சா பூட்ச்சி? ஒழுங்கா துடைக்காம வுட்டுட்டு என் தலைல போடுற."

"துடைக்கத் துடைக்க பூக்குது. நீ புடிச்சி வைக்கிற தண்ணி அப்படி."

"நானா புடிக்கிறேன்? கொழாய் வுடுது. போய் அதாண்ட சண்டை போடு."

அப்பாதுரை வீட்டு டிரைவர் சகாதேவனுக்கும் சமையல்கட்டில் வேலை செய்யும் உண்ணாமலைக்கும் அந்த வாரத்தில் இது மூன்றாவது சண்டை. ஒரு வாளித் தண்ணீருக்காக இவ்வளவு உரக்கப் பேசிக்கொள்கிறவர்கள் தண்ணீரைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார்களா என்று அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

தண்ணீர் விஷயமும் பொய்யில்லை. பானெட், கூரை, டிக்கி என்று அம்பாசடர் முழுக்க, அம்மை இறங்கின முகம்போல வெள்ளைப் புள்ளிகள். ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூரிலிருந்து கடலைக்காய் மண்டி சர்தார் பாய் மனை பார்க்க வருகிறார், நாலு மனை சேர்த்து எடுக்கிற ஆள், அதற்குள் புள்ளி போகாவிட்டால் திங்கட்கிழமை வேறு டிரைவர் என்று அப்பாதுரை சொல்லிவிட்டார்.

புள்ளி எதனால் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. வேங்கிக்கால் தாண்டி ஒரு மேட்டுக் கொல்லையை வாங்கி, மனை பிரித்து, நடுவில் தன் வீட்டைக் கட்டி, போர் போட்டு, ரோட்டோரம் 'இளநீர் போன்ற தண்ணீர்' என்று போர்டும் எழுதி வைத்தவர் அவர். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாதது சமையல்கட்டோடு போயிற்று. காரில் அது வாசலுக்கே வந்துவிட்டது. டிரைவருக்கு வேலை சுத்தம் போதாது என்று சொல்லிக்கொள்வதைத் தவிர அவருக்கும் வேறு வழியில்லை.

சகாதேவன் சோப்பு போட்டான். மண்ணெண்ணெய் போட்டான். கார் இரண்டு நாள் ஸ்டவ் மாதிரி நாறியதே தவிர ஒரு புள்ளி அசையவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது உண்ணாமலை ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"பாத்திரத்துல புடிச்சா புளி போட்டுத்தானே தேய்க்கிறோம்? இதுவும் அதே உப்புதான்."

பெயின்ட் போய்விட்டால் வேலையும் போய்விடும் என்று பயந்து, நம்பர் பிளேட்டுக்குக் கீழே யாரும் பார்க்காத ஓரத்தில் நீர்க்கப் புளி கரைத்து ஒற்றிப் பார்த்தான். கறுப்பு தெரிந்தது.

ஆனால் புளியைக் கழுவ மறுபடியும் போர் தண்ணீரா? சனிக்கிழமை அப்பாதுரை புள்ளி விழுந்த காரை விட்டுவிட்டு பஸ்ஸில் டவுனுக்குப் போன நேரம் பார்த்து, இரண்டு கழனி தள்ளி நல்ல தண்ணீர் ஊறும் சடையன் கிணற்றிலிருந்து அவள் சுமக்க ஆரம்பித்தாள். அவன் எழுந்து குடத்தை வாங்கப் போனபோது கையைத் தட்டிவிட்டாள். "நீ துடை. ஈரம் காயவுட்டா மறுபடியும் பூத்துக்கும்." அவன் வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்திப் பழைய வேட்டியால் துடைத்தான். துடைத்த பின்கதவின் கறுப்பில், கண்ணாடியில்போல, இடுப்புக் குடத்தோடு அவள் வருவது தெரிந்தது. அந்த இடத்தை மட்டும் தேவைக்கு மேலேயே துடைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி பளபளவென்று நின்றது. சர்தார் பாய் அளவுக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டம்மா பீபி ஜான் காரைப் பார்த்தார். குனிந்து, பானெட்டில் முகம் பார்த்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்று கேட்டார்.

"நம்ம போர் தண்ணிதாம்மா. வேற தண்ணிய இந்த வண்டி பார்த்ததே இல்ல," என்றார் அப்பாதுரை. சகாதேவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

காப்பித் தட்டோடு வந்த உண்ணாமலை அப்படியே நின்றாள்.

"இன்னாங்க இப்படிச் சொல்றீங்க? சடையன் கெணத்துலருந்து பன்னண்டு கொடம் நாந்தான் சொமந்தேன். இன்னும் இடுப்பு புடிச்சிகினு கீது."

யாரையும் காட்டிக்கொடுக்க நினைத்தவள் இல்லை அவள். சுமந்தது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. குழாய் பேர் வாங்கிக்கொண்டு போவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பீபி ஜான் காப்பியை மரியாதையாக ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். இன்னொரு நாள் வருகிறோம் என்றார் பாய். அவர்கள் வேன் திரும்பி மறைகிறவரை சிரித்த முகமாக நின்ற அப்பாதுரை, பிறகு டிரைவர் பக்கம் திரும்பினார்.

"இவ சொல்றது நெஜமா?"

அது லூசுங்க, உளறுது என்று ஒரு வார்த்தை போதும்; அவன் வேலை தங்கியிருக்கும். சகாதேவன் அவளைப் பார்த்தான்.

"பன்னண்டு இல்லீங்க, பதிமூணு. ஒண்ணு வழியில கவுந்து பூட்ச்சி."

வைகாசியில் இரண்டு பேருக்கும் கல்யாணம். அக்கம்பக்கத்துப் பெண்கள் தாங்கள் அப்போதே சொன்னதாகச் சொல்லிக்கொண்டார்கள். கார் வைத்திருக்கிற நாலு வீட்டில் அப்பாதுரை ஒரு வார்த்தை போட்டு வைத்திருந்ததால், ஊரில் அவனை யாரும் ஸ்டியரிங் தொடவிடவில்லை. தீபாவளிக்குள் மனைகள் எல்லாம் விற்றுப்போயின. அதற்கு முன்பே புருஷனும் பெண்டாட்டியும் கட்டட வேலைக்குப் பெங்களூர் போய்விட்டார்கள். அவள் மணல் சலிக்கிறாளாம், அவன் கலவைச் சட்டி தூக்குகிறானாம். லைசென்ஸை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருக்கிறான், சிமென்ட் படக் கூடாதாம்.