கசாப்புக்காரரின் பயற்றுக் கிண்ணம்

ஷஹ்ரிசப்ஸ் நகரச் சந்தையில் முப்பது வருடமாக ஆட்டுக்கறி விற்றவர் எர்காஷ். வயிற்றுப்புண் வெடித்து இரைப்பையில் பாதியை வெட்டியெடுத்த பிறகு, அவருக்குக் கறி வாடையே ஆகாமல் போயிற்று. பார்க்க வந்த உறவுக்காரர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஆட்டுச்சாறு கொண்டுவந்தார்கள். மூடியைத் திறந்ததும் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். மூன்றே வாரத்தில் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. தையல் போட்ட இடமும் ஆறக் காணோம்.

புண் ஆறப் புரதம் வேண்டும், அது கறியாகத்தான் இருக்க வேண்டுமென்றில்லை, பயறு போதும், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

மனைவி ஹுரியத் அன்றே பாசிப்பயறையும் அரிசியையும் குழைய வேகவைத்தாள். மறுநாள் கொண்டைக்கடலையை அவித்துத் தோலுரித்து மசித்து, தயிர் விட்டுக் கொடுத்தாள். வயிற்றில் தங்கியது. ஆனாலும் எர்காஷ் சன்னல் திரையை இழுத்துவிடச் சொன்னார்.

“யாரு பாக்கப் போறாங்க, லோலா அப்பா?” என்று மகள் பெயரை வைத்துக் கேட்டாள் ஹுரியத்.

“துரோப் பாத்தான்னா சந்தை முழுக்கச் சொல்லிடுவான்.”

துரோப் பக்கத்துக் கறிக்கடைக்காரர். எர்காஷ் படுத்த நாள் முதல் இரண்டு கடைகளையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். ஒருநாள் மதியம், உடம்பு தேறட்டுமென்று ஆட்டு வால்கொழுப்பைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, சொல்லாமல் வந்து நின்றார். கிண்ணத்தை மறைக்க நேரமில்லை.

“ஆட்டை வெட்டுறவன் ஆட்டுத் தீனி திங்கிறியா?”

எர்காஷுக்குக் காது சூடானது. கீழே வைக்கப் போன கிண்ணத்தை வைக்காமல் பிடித்துக்கொண்டார்.

“அந்த ஆடு எதைத் தின்னுடா சதை போட்டுச்சு?”

துரோப் சிரித்துவிட்டார். எர்காஷும் தையலை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு துரோப் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

“ஆஸ்பத்திரியில உன்னப் பாத்தப்ப, இனிமே நான் ஒத்தையாத்தான் கடை போடணும்னு நெனச்சேன்” என்றார்.

ஹுரியத் அவருக்கும் ஒரு கிண்ணம் வைத்தாள். உப்புக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, முழுக்கச் சாப்பிட்டார். வால்கொழுப்பு அவரோடே திரும்பிப் போயிற்று.

வாதுமை பூத்த சமயத்தில் புண் ஆறிவிட்டது. எர்காஷ் அரைநாள் மட்டும் கடைக்கு வரத் தொடங்கினார். தொங்கும் ஆட்டுத் தொடைகளுக்குக் கீழே உட்கார்ந்து, எல்லார் கண்ணெதிரிலும் பயற்றுச் சோறு சாப்பிட்டார். வழக்கமாக வாங்கும் ஒரு பெண், கறியில் ஏதும் கோளாறா என்று சந்தேகத்தோடு விசாரித்தாள்.

“கறி நல்ல கறிதாம்மா. வயிறுதான் புதுசு” என்று சொல்லி, வாயைத் துடைத்துக்கொண்டு கத்தியை எடுத்தார்.