சஜீவனின் இயந்திரத்துக்குப் பட்ட கண்

"ஒங்க மக கண்ணு பட்டுத்தான் எம்புள்ள மெஷின் நின்னுபோச்சு, கலாராணி. இல்லேன்னு சொல்லுங்க பாப்போம்."

புஷ்பத்தின் குரல் பதுளைக் கடைவீதியின் அந்தக் கோடிவரை போனது. அடுத்த கடையில் தைத்துக்கொண்டிருந்த நான் மிதிப்பதை நிறுத்தினேன். ஒரு சொல்லைத் தவறவிட்டாலும் பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

ஹைட்ரஜன் ஆராய்ச்சியை ஊக்குவிக்க அரசாங்கம் வைத்த பரிசுப் போட்டியில், எங்கள் ஊவா மாகாணத்திலிருந்து இறுதிச் சுற்றுக்குப் போனவர்கள் இரண்டே பேர். ஒருவன் பலசரக்குக் கடைப் புஷ்பத்தின் மகன் சஜீவன். மற்றவள் தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் கலாராணியின் மகள் சிவானுஜா. மகன் தேர்வான மகிழ்ச்சி புஷ்பத்துக்கு அரை நாள்தான் நிலைத்தது. தோட்ட லயத்து வீட்டுப் பெண்ணும் தேர்வானாள் என்று கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. "அவளுக்கு எதுக்குங்க ஹைட்ரஜன்?" என்று சீனி நிறுக்கும்போதெல்லாம் கேட்டாள்.

நடுவர்கள் வரவிருந்த அன்று காலையில்தான் சஜீவனின் இயந்திரம் நின்றுபோனது. பருப்பு வாங்க வந்த கலாராணி அகப்பட்டுக்கொண்டாள்.

"எம்மக இந்தப் பக்கமே வரலீங்களே அக்கா. கண்ணு மட்டும் தனியா பஸ் ஏறி வருமா?"

அதற்குள் சஜீவன் உள்ளேயிருந்து ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு வந்தான். தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் அவன் இயந்திரத்துக்குக் காய்ச்சி வடித்த சுத்த நீர் மட்டுமே ஆகும்; உப்புக் கலந்தால் நின்றுபோகும்.

"அம்மா, இதுல உப்பு போட்டது யாரு?"

முந்தின நாள், சிவானுஜாவின் கண் பட்டுவிடுமென்று மகனுக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப்போட்டிருக்கிறாள் புஷ்பம். மிளகாய் அடுப்புக்குப் போனது. உப்பைத் தண்ணீரில் கரைத்தால்தானே திருஷ்டி கரையும்? கைக்கு எட்டியது அந்தக் கேன்.

"நல்ல சுத்தமான தண்ணியா இருந்திச்சு, அதான்..." என்றாள்.

கலாராணி சிரித்திருந்தால்கூடத் தேவலை. பருப்பை வாங்கிக்கொண்டு பேசாமல் போனாள். அதுதான் புஷ்பத்தை அதிகம் எரித்தது.

பரிசு சிவானுஜாவுக்குக் கிடைத்தது. பிறகு ஹல்துமுல்லை ஊர்க்காரன் அஜந்தன் என்பவனைக் கட்டிக்கொண்டு, தாயையும் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போய்விட்டாள். சஜீவன் கொரியாவுக்கு வேலைக்குப் போனான். தாயிடம் அதிகம் பேசுவதில்லை. அவனுக்குப் பெண் பார்க்கச் சொல்லிப் புஷ்பம் என்னிடம் வருகிறாள். தோட்டத்துப் பிள்ளை வேண்டாமாம். ஆனால் ஏதாவது பரிசு வாங்கியிருக்க வேண்டுமாம்.