நூல் சுற்றிய மோதிரம்

ஈடா அந்த மோதிரத்தைக் காலையில் கழற்றுவாள், மாலையில் மாட்டிக்கொள்வாள். மெருகுச் சக்கரத்தின் முன்னால் உட்காருகிறவள் விரலில் எதுவும் இருக்கக் கூடாது. சக்கரம் மோதிரத்தைப் பிடித்தால் விரலையும் சேர்த்துக் கேட்கும். அதனால் மோதிரத்தை ஏப்ரன் பைக்குள் போட்டு ஊக்கு குத்திவிடுவாள். வேலை முடிந்து கை கழுவும்போது அந்தத் தண்ணீரைக்கூடத் தொழிற்சாலை வீணாக்காது. தொட்டியில் தேக்கி வைத்து, அடியில் படியும் தங்கப் பொடியை வடித்தெடுத்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் பிராவிடென்ஸ் நகரத்தின் நகைத் தொழிற்சாலைகள் அப்படித்தான். தொழிலாளியின் கை அழுக்கிலும் காசு பார்ப்பார்கள்.

பக்கத்துச் சக்கரத்தில் உட்காரும் டெல்லாவுக்கு வாய் சும்மா இருக்காது. "என்னடி ஈடா, இந்தப் பூசணிக்காயை இன்னும் எத்தனை நாளைக்குச் சுமக்கப் போற?" என்பாள்.

"கனமா ஒண்ணும் இல்லடி. உள்ள கூடுதான்."

அது உண்மை. போர்க் காலத்து மோதிரங்கள் எல்லாமே அப்படித்தான் இருந்தன. பிளாட்டினம் முழுவதையும் ராணுவம் எடுத்துக்கொண்டது. தங்கமும் தாராளமாக இல்லை, செம்பைக் கூடுதலாகக் கலந்தார்கள். அதனால் ரோஜா நிறம் வந்தது. வைரக்கல், மாணிக்கக்கல் வருகிற கப்பல்கள் நின்றுபோயின, சிவப்புக் கல்லை உலையிலேயே உருக்கிச் செய்தார்கள். சரக்கு குறைந்த அளவுக்கு ஜம்பம் கூடியது. ஈடாவின் மோதிரம் ஒரு பெரிய ரிப்பன் முடிச்சு. நடுவில் உலையில் பிறந்த சிவப்புக் கல், இரண்டு பக்கமும் கடுகளவு வைரம். விரலின் பாதியை அதுவே மறைத்துவிடும். இப்போது போர் முடிந்துவிட்டது. பிளாட்டினம் திரும்பி வந்துவிட்டது. நிச்சயமாகும் பெண்கள் எல்லோரும் மெல்லிசாக, வெள்ளையாக, ஒற்றை வைரம் வைத்துக் கேட்கிறார்கள். இதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் போன வருஷத்துக் காலண்டரை மாட்டிக்கொண்டு போகிற மாதிரிதான்.

டெல்லா அதற்கு மேல் பேசமாட்டாள். மோதிரம் செத்தவனுடையது என்று அவளுக்குத் தெரியும்.

செத்தவன் பெயர் ரோக்கோ. ரொட்டிக் கடையில் வேலை பார்த்தவன். மாதா கோயில் திருவிழாவில் ஒரு தடவை ஈடாவோடு ஆடினான், லெமன் ஐஸ் வாங்கிக் கொடுத்தான். பட்டாளத்துக்குப் புறப்படும் முன் அவள் விலாசத்தைக் கேட்டான். பசிபிக் கடலில் எங்கிருந்தோ சில போஸ்ட்கார்டுகள் வந்தன. வெயில், கொசு, சகிக்க முடியாத சாப்பாடு. காதல் என்று ஒரு வரி கிடையாது. எழுதத் தெரியாத பையன் என்று ஈடா நினைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய அம்மா அசுந்தா ஆள் அனுப்பினாள். ஈடா போனபோது சமையலறை முழுக்க அக்கம்பக்கத்துப் பெண்கள். எல்லார் முன்னாலும் அசுந்தா ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தாள்.

"ரோக்கோ எழுதியிருக்கான். அவன் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது பாரு, அவனுக்காக நான் போடுறேன். கையை நீட்டு."

அந்த வருஷங்களில் இத்தாலிக்காரர்கள் குடியிருந்த அட்வெல்ஸ் அவென்யூவில் இது புதிதில்லை. பையன்கள் கடல் தாண்டிக் கிடந்தார்கள். மோதிரத்தை அம்மாக்கள் போட்டார்கள், அக்காக்கள் போட்டார்கள், ஒரு வீட்டில் தாத்தாவே முட்டி போட்டுப் போட்டார், பிறகு அவரைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஈடா கையை நீட்டினாள். பெண்கள் கை தட்டினார்கள். மோதிரம் விரலில் போனதும் தலைகீழாகச் சுழன்றது. நகைக்கடையில் அசுந்தா தன் விரலுக்கே அளவு கொடுத்திருந்தாள். ஈடாவின் விரல் குச்சி.

"அதுக்கென்ன," என்று அசுந்தா தையல் டப்பாவிலிருந்து கறுப்பு நூலை எடுத்து மோதிரத்தின் அடிப்பக்கம் இறுக்கிச் சுற்றினாள். "அவன் வந்ததும் உன் அளவுக்கு மாத்திக்கலாம்."

வைரம் இரண்டும் அசுந்தாவின் தோட்டிலிருந்து எடுத்தவை. அன்றைக்கு அவள் காது மொட்டையாக இருந்ததை ஈடா கவனித்தாள். அன்றுவரை 'அசுந்தாம்மா' என்று கூப்பிட்டவள் அன்றிலிருந்து 'அத்தை' என்றாள்.

அன்றைக்கே ரோக்கோவுக்கு எழுதினாள். மோதிரம் அழகாக இருக்கிறது, நூல் சுற்றிப் போட்டிருக்கிறேன், நீ வந்துதான் சரி செய்ய வேண்டும் என்று. அந்தக் கடிதம் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. அதற்குள் அசுந்தா வீட்டுக்குத் தந்தி வந்துவிட்டது. பட்டாளத்துக்குப் போன பிள்ளைகளுக்காக ஜன்னலில் தொங்கிய கொடியில் ஒரு நீல நட்சத்திரத்துக்குப் பதில் செத்தவனுக்கான தங்க நட்சத்திரம் ஏறியது.

ஈடா அழவில்லை. கோயிலில் பூசைக்கு அவளை முன்வரிசையில், அசுந்தாவின் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். கறுப்பு உடுத்தினாள். அழுத்தக்காரி என்று சிலர் சொன்னார்கள், உடைந்து போய்விட்டாள் என்று சிலர் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? உள்ளது என்னவென்றால் ஈடாவுக்கு எதுவுமே தோன்றவில்லை. துக்கம் வரும் என்று பஸ்ஸுக்குக் காத்திருப்பதைப் போலக் காத்திருந்தாள். அது வேறு வழியாகப் போய்விட்டது போலிருக்கிறது. ஐஸ் புளித்தது நினைவிருந்தது. அவன் முகம் நினைவில் இல்லை. புகைப்படத்தில் இருக்கிற முகம் தெரிந்தது, ஆனால் அது படத்தின் முகம். இதை யாரிடம் சொல்ல முடியும்? கல்யாணம் ஆகாமலே கைம்பெண்ணானவள், அவன் முகமே மறந்துவிட்டது என்றால் காறித் துப்புவார்கள்.

அவள் வேலை பார்க்கிற இடத்தில் மோதிரத்தை அளவு குறைப்பது காப்பி குடிக்கிற நேரத்து வேலை. அவள் அதைச் செய்யவில்லை. நூல் இற்றுப்போகும்போதெல்லாம் புதிய கறுப்பு நூல் சுற்றினாள். ஞாயிறுதோறும் பூசை முடிந்து அசுந்தா வீட்டுக்குப் போய், அவளுக்கென்று ஆகிவிட்ட நாற்காலியில் உட்கார்ந்து, மக்ரோனி சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

இந்தக் கோடையில் ரோக்கோவின் தம்பி நீனோ பட்டாளத்திலிருந்து வந்து சேர்ந்தான். அவனும் அந்த மேஜையில் உட்கார்ந்தான். அதிகம் பேசமாட்டான். ஈடாவை 'அண்ணி' என்பான், பாலாடைக்கட்டியை அவள் பக்கம் நகர்த்துவான், அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அசுந்தா தக்காளிக் குழம்பில் ஊறிய மக்ரோனியை ஈடாவின் தட்டில் குவித்தாள்.

"போதும் அத்தை."

"போதும்னு நீ சொல்லாத. தட்டு சொல்லட்டும். எலும்பும் தோலுமா இருக்க." அசுந்தா உட்கார்ந்தாள், ரொட்டியைப் பிய்த்தாள். "ஃபாதர்கிட்டப் பேசிட்டேன். செப்டம்பர்ல ஒரு சனிக்கிழமை காலியா இருக்காம்."

"யாருக்கு?"

"உனக்கும் நீனோவுக்கும்."

நீனோவின் முள்கரண்டி ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடியும் மக்ரோனியைச் சுருட்டியது.

ஈடாவுக்கு முதலில் தோன்றியது, செப்டம்பரில் கிறிஸ்துமஸ் சரக்கு வேலை தொடங்கிவிடும், லீவு கிடைக்காது என்பதுதான். இரண்டாவதாக எதுவும் தோன்றவில்லை. தன் கல்யாணத்தைப் பற்றி யாரோ பேசுகிறார்கள், அது பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரிக் கேட்கிறது. சரி என்று சொல்லிவிட்டால் இந்தப் பேச்சு நின்றுவிடும். சொல்லிவிடலாம் போல இருந்தது. அப்படியே சொல்லியும் இருப்பாள், அவள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் கட்டிக்கொண்டார்கள்.

"புது மோதிரம்கூட வேண்டாம் பாரு," என்றாள் அசுந்தா. "கையிலயே இருக்கு."

ஈடா மோதிரத்தைப் பார்த்தாள். மறுத்துச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். மேஜை இழுப்பறையில் துழாவுவது போலத் துழாவியதில் ஒன்றே ஒன்று கிடைத்தது.

"நான் ரோக்கோவுக்கு நிச்சயமானவ அத்தை. அண்ணனுக்கு வார்த்தை கொடுத்துட்டு தம்பியைக் கட்டினா பாவம் இல்லையா?"

அசுந்தா ரொட்டியை ஆட்டினாள். "பாவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஃபாதரும் இதையேதான் கேட்டார். உள்ளதைச் சொல்லிட்டேன்."

"என்ன உள்ளது?"

"ரோக்கோ எங்கடி கேட்டான்? நான்தானே போட்டேன்."

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நீனோ தலையை நிமிர்த்தினான்.

"அவன் எழுதினான்னு சொன்னீங்க," என்றாள் ஈடா.

"எழுதினான். மழைன்னு எழுதினான், கால்ல புண்ணுன்னு எழுதினான். மோதிரத்தைப் பத்தி நான்தான் அவனுக்கு எழுதினேன். இந்த மாதிரி, ஈடாவுக்குப் போட்டாச்சுன்னு. அது போய்ச் சேரல. உன்னோடது மாதிரியே திரும்பி வந்திருச்சு."

"ஏன் போட்டீங்க?"

"ஏன்னா?" அசுந்தாவின் குரல் உயர்ந்தது. "அடுத்த வீட்டு கான்செட்டா அவ பையனுக்காக மோதிரம் போட்டா. முழுசா திரும்பி வந்தான். வீட்டுல ஒருத்தி காத்திருக்கான்னு தெரிஞ்சா பையன் தலையைக் குனிஞ்சுக்குவான்டி. வீராப்புக் காட்டிட்டு முன்னால ஓட மாட்டான். அதுக்குத்தான் தோட்டைக் கழட்டிக் கொடுத்தேன். வேற எதுக்குன்னு நினைச்ச?"

அசுந்தா கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் போட்டாள்.

"என் பேச்சை அவன் தட்டினதே இல்ல. சரின்னுதான் சொல்லியிருப்பான்."

"சொல்லியிருப்பானா?"

அசுந்தா மேஜையில் சிந்திய ரொட்டித் துகளைக் கையால் கூட்டினாள்.

ஈடாவுக்குக் கோபம் வர வேண்டிய இடம் இது. வரவில்லை. தனக்கு நிச்சயமானது தெரியாமலே ஒருவன் ஏதோ தீவில் செத்துப்போயிருக்கிறான். அவனுக்காகக் கறுப்பு உடுத்தியிருக்கிறாள், முன்வரிசையில் மண்டியிட்டிருக்கிறாள். கண்ணீர் வரவில்லையே என்று இரவெல்லாம் தன்னைத்தானே திட்டியிருக்கிறாள். இல்லாத கிணற்றில் வாளியை இறக்கினால் தண்ணீர் எங்கிருந்து வரும்? அவன் பாவம் என்று தோன்றியது. தானும் பாவம் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

அவள் நீனோவின் பக்கம் திரும்பினாள். "உன்கிட்டக் கேட்டாங்களா?"

"இல்ல அண்ணி."

"உனக்கு இதுல விருப்பமா?"

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "என்னை யாரும் எதுவும் கேட்டதில்ல அண்ணி. ஆர்மியிலயும் கேக்கல, இங்கயும் கேக்கல. நீங்கதான் முதல்ல கேக்குறீங்க." கொஞ்சம் யோசித்தான். "விருப்பம் இல்ல. தப்பா எடுத்துக்காதீங்க."

"வாயை மூடுடா," என்றாள் அசுந்தா, ஆனால் அதில் வேகம் இல்லை.

ஈடா மோதிரத்தைக் கழற்றினாள். நகத்தால் நூலின் நுனியைத் தேடி எடுத்துப் பிரித்தாள். சுற்றுச் சுற்றாக அவிழ்ந்து நூல் மேஜைவிரிப்பில் விழுந்தது. எழுந்து போய் அசுந்தாவின் இடது கையைப் பிடித்தாள். மாவு பிசைந்து தடித்த விரல். மோதிரம் மூட்டைத் தாண்டி நேராகப் போய் உட்கார்ந்தது. சுழலவில்லை.

"உங்க அளவு," என்றாள் ஈடா. "உங்க வைரம். நீங்க கேட்டீங்க, நீங்களே போட்டீங்க. நீங்களே வெச்சுக்கோங்க, அசுந்தாம்மா."

'அத்தை' போய்விட்டதை அசுந்தா கவனித்தாள். அவளுடைய கறுப்பு உடையின் மேல் அந்தச் சிவப்புக் கல் விகாரமாகத் தெரிந்தது. அதைக் கழற்ற அவள் முயலவில்லை, மற்ற கையால் மூடிக்கொண்டாள்.

"நீ இந்த வீட்டை விட்டுப் போயிடக் கூடாதுன்னுதான்டி," என்றாள் மெதுவாக. "நீயும் போயிட்டா அவனைப் பத்தி நான் யார்கிட்டடி பேசுவேன்?"

இத்தனை ஞாயிறு வந்தும் அவனைப் பற்றி இந்த மேஜையில் யாரும் பேசியதே இல்லை என்பது ஈடாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் போகக் கிளம்பியவள்தான். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னைப் பத்தி ஏதாவது எழுதினானா? நிஜமாச் சொல்லுங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க."

அசுந்தா பொய் சொல்லப் போகிறாள் என்றுதான் நீனோ நினைத்தான். அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"ஒரே ஒரு தடவை. 'அந்த ஈடா திருவிழாவுல என் காலை மிதிச்சா, அம்மா. கட்டைவிரல் நகம் இன்னும் கறுப்பாவே இருக்கு. பட்டாளத்துல குண்டு படல, அவ செருப்புதான் பட்டிருக்கு.' அவ்வளவுதான் எழுதினான்."

ஈடாவுக்கு அவன் முகம் தெரிந்தது. வலியில் ஒரு கண்ணை மூடி, பல்லைக் கடித்து, அவள் மனசு நோகக் கூடாதென்று சிரித்த முகம். "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றபடி நொண்டிக்கொண்டே போய் ஐஸ் வாங்கி வந்தான். எந்தப் படத்திலும் அந்த முகம் இல்லை.

அவள் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தாள். மொட்டை விரலோடு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, தன்னிடம் எதையும் கேட்காமல் செத்துப்போன ஒரு பையனுக்காக அழுதாள். நீனோ எழுந்து போய்ச் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினான்.