நாடக வண்டிக்குப் புதுப் பட்டை

"இன்னும் ஒரே பக்கந்தான் அண்ணி! அத்த மாட்டிட்டா லாரி கெளம்பிடும்!" வண்டிக்கு அடியிலிருந்து சேட்டு கத்தினான்.

கிளியம்மாள் வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் சக்கரபாணியின் தலை அவள் மடியில் இருந்தது. நெஞ்சு ஒரு பக்கம் அமுங்கிக் கிடந்தது. மூச்சு விடும்போதெல்லாம் வாயோரம் ரத்தம் நுரைத்தது.

விழுப்புரத்தில் ஆடி முடித்த நாடகக் கம்பெனி, திண்டிவனத்துக்குப் போகிற வழியில் இவர்கள் பட்டறையில் நின்றது. லாரிக்குப் பின்னால் ரெண்டு அச்சு டிரெய்லர்; சாமானும் ஆட்களும் அதற்குள்ளேதான். பாரத்தில் அச்சின் மேல் பொருத்திய வில்லுப்பட்டையெல்லாம் தட்டையாகிவிட்டது. மிலிட்டரி லாரியிலிருந்து கழற்றிய கெட்டிப் பட்டைகளை மாட்டச் சொன்னார் முதலாளி கோதண்டபாணி.

சேட்டு கட்டை வண்டி வேலை பார்த்தே வளர்ந்தவன். கட்டை வண்டியில் அச்சுக்கு முட்டுக் கொடுத்தால் வண்டியே நிற்கும். அந்தப் பழக்கத்தில் இதற்கும் அச்சுக்கு அடியிலேயே கட்டையை வைத்தான். அடப்பாவி, இந்த வண்டியைத் தாங்குவது பட்டையல்லவா? அண்ணன் சக்கரபாணி அடியில் படுத்துப் பட்டையின் போல்ட்டைக் கழற்றினான். பட்டை விலகியது. வண்டியின் இரும்புச் சட்டம் அவன் நெஞ்சில் இறங்கியது.

"மொதலாளி, டிரெய்லர கழட்டி உட்டுட்டு லாரிய மட்டும் அனுப்புங்க. ஆஸ்பத்திரில சேத்தா பொழச்சிக்கும். உங்க கால்ல உழறேன்!" என்று கிளியம்மாள் கெஞ்சினாள்.

"சண்டக் காலத்துல ரெண்டு நடைக்கு பெட்ரோலுக்கு எங்க போவேன்? சாயங்காலம் நாடகம். ஜல்தியா மாட்டச் சொல்லு, ஒரே நடையா ஏத்திக்கினு போலாம்."

எருதின் நோய் காக்கைக்குத் தெரியுமா? ஆனால் அங்கே இருந்த ஒரே லாரி அவருடையதாயிற்றே.

சேட்டு ஜாக்கியைச் சுற்றி அடுத்த பக்கத்தைத் தூக்கினான். பதற்றத்தில் கட்டையை மறுபடி அச்சுக்கு அடியில் தள்ளினான். சக்கரபாணியின் கை அவள் மணிக்கட்டை இறுக்கியது.

"அச்சுக்கு... வாணாம்டா. சட்டத்துக்குக் குடு."

சேட்டு அழுதுகொண்டே கட்டையை மாற்றி வைத்தான். பட்டை ஏறியது. போல்ட்டுகள் ஒவ்வொன்றாக ஏறின.

"கொஞ்ச நேரம் பொறுத்துக்கய்யா, தோ முடிஞ்சிடுச்சி," என்று கிளியம்மாள் குனிந்தாள். மணிக்கட்டைப் பிடித்திருந்த கை தளர்ந்துவிட்டது. கண் திறந்தபடியே இருந்தது. அவள் போட்ட கூச்சலில் டிரெய்லரிலிருந்து இறங்கி மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்த நாடகக்காரர்கள் எழுந்துவிட்டார்கள்.

கோதண்டபாணி வந்து பார்த்தார். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அப்ப ஆஸ்பத்திரி வேல இல்ல. தம்பி, அந்தக் கடைசி போல்ட்ட முடுக்கிடு."

சேட்டு அண்ணன் முகத்தைப் பார்த்தான். ஸ்பேனரைப் பார்த்தான். கடைசியில் அடியில் படுத்து முடுக்கினான். இன்னொரு சுற்றும் முடுக்கினான்.

"பொணத்த அந்தாண்ட இழுங்க. கெளம்பற வண்டிக்கு எதுருல கெடக்கக் கூடாது," என்றார் முதலாளி. எல்லா டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். பழம் நசுங்க லாரி நகர்ந்தது.

பட்டறையைத் தாண்டினால் மாடு கூட மிரளும் பள்ளம். டிரெய்லர் அதில் இறங்கி ஏறியது. அலுங்கவே இல்லை.

"ஆடல, அண்ணி," என்றான் சேட்டு. சொன்ன வாயைக் கையால் மூடிக்கொண்டான்.

கிளியம்மாள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முந்தானை ஓரத்தைக் கிழித்து, புருஷனின் கால்களை நேராக இழுத்து, கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டத் தொடங்கினாள்.