மூன்றாவது தடவை

மினசோட்டாவில் ஒருவர் காபி வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மறுபடி கேட்டால், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை கேட்டால்தான், சரி, அரைக் கோப்பை கொடுங்கள் என்று தலையைச் சொறிந்தபடி வாங்கிக்கொள்ளலாம். முதல் தடவையே சரி என்பவனை யாரும் திட்டிவிட மாட்டார்கள். பாவம், பக்கத்து மாநிலத்தில் வளர்ந்தவன் போலிருக்கிறது என்று இரக்கப்படுவார்கள், அவ்வளவுதான்.

அறுபத்தெட்டு வயது ஆரின் ஸ்கோக்ஸ்டாட் இந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறியதில்லை. அவரும் லவோன் டீட்ஸும் நான்கு வருடமாக வியாழக்கிழமைதோறும் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள். போன வாரம் சாப்பாட்டுக்கு நடுவில் லவோன், "நான் அரிசோனாவுக்கே போயிடலாம்னு இருக்கேன். நீங்களும் வாங்களேன், ஆரின்" என்றாள்.

"ஐயோ, நான் எதுக்கு உங்களுக்குப் பாரமா" என்றார் ஆரின். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் பெட்டி கட்டினார்.

பெட்டி மட்டுமா? ஆளில்லாத வீட்டில் குழாய்கள் குளிரில் உறைந்து வெடிக்காமலிருக்கத் தண்ணீரையெல்லாம் வடித்துவிட்டார். பனி தள்ளும் இயந்திரத்தைப் பக்கத்து வீட்டு டுவேனுக்குக் கொடுத்துவிட்டார். வாழ்நாளில் வெயிலையே பார்க்காத தன் முழங்கால்களுக்காக இரண்டு அரைக்கால் சட்டைகள்கூட வாங்கினார். மனைவி இறந்த ஒன்பது வருடத்தில் அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை. லவோன் பக்கத்தில் இருந்தால் போதும், எந்தப் பாலைவனமானாலும் சரி என்றிருந்தது அவருக்கு. ஆனால் அதை லவோனிடமே சொல்வதா? மானம் மரியாதை இருக்கிறவன் செய்கிற காரியமா அது? இன்னும் இரண்டு தடவை அவள் கேட்கட்டும்.

சனிக்கிழமை தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் லவோனுக்கு வழியனுப்பு விருந்து. தட்டில் ஒரே ஒரு எலுமிச்சை கேக் துண்டு மீதமிருந்தது. கடைசித் துண்டை எடுப்பது கொலைக்குற்றத்துக்குச் சற்றுக் குறைந்தது என்பதால் ஒருவர் பாதி வெட்டிக்கொண்டார், அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. நகம் அளவுக்கு அது தேய்ந்துகொண்டிருந்த நேரத்தில் லவோன் ஆரினிடம் வந்தாள்.

"நெசமாத்தான் கேக்குறேன். வண்டியில எடம் இருக்கு, வாங்க."

"உங்க சாமானுக்கே எடம் பத்தாதே" என்றார் ஆரின்.

அவள் நகர்ந்ததும் டுவேன் காதோரம் வந்தான். "ரெண்டாச்சுய்யா. இன்னும் ஒண்ணுதான். நடுவுல ஒளறிக்கிளறி வெச்சுடாத."

"எனக்குத் தெரியாதா? நீ போய் அந்தக் கேக்கை முடி."

"நானா? கடைசித் துண்டையா? நல்லா இருக்குய்யா நீ சொல்றது!"

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து லவோன் அவர் வீட்டுக்கு விடைபெற வந்தாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, இரண்டு தொடையிலும் தட்டிக்கொண்டு, "சரி, அப்போ" என்றாள். புறப்படுகிறேன் என்று அர்த்தம். அதாவது இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று அர்த்தம். கதவருகே வானிலை பேசினார்கள். படியில் சோயா அறுவடை பேசினார்கள். காருக்குப் பக்கத்தில் எந்த நெடுஞ்சாலையில் போனால் நல்லது என்று பேசினார்கள். ஆரின் ஒவ்வொரு இடத்திலும் மூன்றாவது தடவைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அது வரவில்லை. கார்தான் கிளம்பியது.

ஆரின் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். கணக்கில் ஒன்று குறைகிறதே, கூப்பிட்டுச் சொல்லலாமா? சொன்னால் கேட்டு வாங்கியது போல ஆகிவிடுமே!

தெருமுனையில் கார் நின்றது. பின்னோக்கியே திரும்பி வந்தது. ஆரினுக்கு உயிர் திரும்பியது. லவோன் கண்ணாடியை இறக்கினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"மூணு தடவைன்னு எனக்கும் தெரியும், ஆரின். நானும் இந்த ஊர்ல பொறந்தவதான். ஆனா நான் கேட்டுக் கேட்டு இழுத்துட்டுப் போறதா இருக்கக் கூடாது. உங்களுக்கு ஆசை இருந்தா நீங்களே சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை போதும்."

ஆரின் வாயைத் திறந்தார். வருகிறேன் என்ற சொல் தொண்டை வரை வந்தது. அறுபத்தெட்டு வருடப் பழக்கம் அங்கேயே அதை அமுக்கிவிட்டது. காரின் கூரையில் கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"அயோவா எல்லைகிட்ட மான் ஜாஸ்தி" என்றார். "இருட்டறதுக்கு முன்னாடி போய்ச் சேந்துடுங்க. மான் குறுக்க வரும். பாத்துப் போங்க, லவோன்."

லவோன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி" என்றாள். கண்ணாடியை ஏற்றினாள். இந்தத் தடவை கார் தெருமுனையில் நிற்கவில்லை.

ஆரின் கார் மறைகிற வரை கையாட்டிக்கொண்டே நின்றார். மானைப் பார்த்துப் போ என்று அவர் தன் மனைவியிடம்கூட மொத்தம் இரண்டு தடவைதான் சொல்லியிருக்கிறார், அதில் ஒன்று அவள் பிரசவத்துக்குப் போனபோது. முகமெல்லாம் சிவந்துவிட்டது அவருக்கு. இப்படியா மனதை நடுத்தெருவில் கொட்டுவது என்று வெட்கத்தோடு, டுவேன் வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.