அன்னம் துரத்திய வீடியோ

எங்கள் அண்ணனை நான் திட்டாத நாள் இல்லை. ஆனால் கையில் கிடைத்ததைத் தூக்கி அடித்துவிடலாமா என்று தோன்றியது அந்த வீடியோவைப் பார்த்த அன்றுதான்.

அண்ணிக்கு ஏரியில் நீந்தக் கற்றுக்கொடுத்தது நான். ஆரம்பத்தில் என்னைப் படாத பாடு படுத்தினாள். காலில் பாசி பட்டால் பாம்பு என்பாள். குட்டி மீன் முழங்காலைக் கொத்தினால் போதும், ஊரையே கூட்டிவிடுவாள். அட்டை ஒட்டுமா, ஆமை கடிக்குமா, தண்ணீர்ப் பாம்புக்கு விஷம் உண்டா என்று கரையில் நின்றபடியே கேள்வி மேல் கேள்வி.

"நீங்க போடுற சத்தத்துக்கு அதெல்லாம் எப்பவோ ஓடியிருக்கும், இறங்குங்க அண்ணி" என்று சொல்லிச் சொல்லித்தான் இறக்கினேன்.

பயம் போகவில்லை. பயந்துகொண்டே நீந்தப் பழகினாள். சலவைக் கடையில் நாளெல்லாம் இஸ்திரிப் பெட்டியோடு வெந்துபோகிறவளுக்கு அந்தக் குளிர்ந்த தண்ணீர் அப்படிப் பிடித்துப்போனது. அக்கரைவரை போயே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

யாரோ அழகுக்கென்று வாங்கி ஏரியில் விட்ட அன்னங்கள் அக்கரைக் கோரைப் புதரில் குஞ்சு பொரித்திருந்தன. அன்னம் என்றதும் உருகுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாலையும் தண்ணீரையும் பிரிக்கும் என்று பாடியவர்களில் ஒருவராவது அதன் குஞ்சுகளுக்குப் பக்கத்தில் நீந்திப் பார்த்திருப்பார்களா? அதனால்தான் துணைக்கு ஒரு படகு ஏற்பாடு செய்தோம். பறவை சீறிக்கொண்டு வந்தால் படகு குறுக்கே புகுந்து மறைக்க வேண்டும். வேறு வேலையே கிடையாது. அதை அண்ணன் தானே கேட்டு வாங்கிக்கொண்டான்.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள். அண்ணி அக்கரைக்கு நீந்திய அன்று ஒரு நடை கூடுதலாக வந்துவிட்டதால் போக முடியவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தால் அண்ணியின் தோளெல்லாம் கன்றிக் கிடந்தது. நீச்சல் உடை பரண்மேல் போயிருந்தது.

"இனிமே அந்தப் பக்கமே வரமாட்டேன்."

"அண்ணன் என்ன பண்ணிட்டிருந்தான்?"

"அவரைச் சொல்லாத. அன்னம் அடிச்ச முதல் அடியிலயே என் நீச்சல் கண்ணாடி கழண்டு கண்ணெல்லாம் தண்ணி, எதுவுமே தெரியல. படகு தூரத்துல இருந்திருக்கும். துடுப்புப் போட்டு வரவேண்டாமா, பாவம்."

மறுநாள் சொந்தக்காரர்கள் எல்லோருடைய ஃபோனிலும் வீடியோ. அனுப்பியவன் அந்தப் 'பாவம்'தான். அதைப் போட்டுப் பார்த்தேன். படகு எங்கே இருந்தது என்பதைக் கண் இருக்கிற யாரும் சொல்லிவிடலாம்.

அவனைக் கூப்பிட்டுக் கத்தினேன். "சும்மா தமாஷ்மா. உனக்கு எதுக்கெடுத்தாலும் மூக்குமேல கோபம்" என்றான். சலவைக் கடைக்குப் போனால், துணி வாங்க வந்த ஒருத்தர் இரண்டு கையையும் சிறகு மாதிரி அடித்துக் காட்டுகிறார். அண்ணி தலையைத் தூக்காமல் சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் மட்டும்தான் அந்த வீடியோவைப் பார்க்கவில்லை. பார்த்தால் தூக்கம் வராது என்றாள். எனக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்தது. நானே போய் அவர்கள் வாழ்க்கையில் கொள்ளி வைப்பதா என்று விழுங்கிக்கொண்டேன்.

கடைசியில் அண்ணனே வைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை அவனுடைய நண்பர் சாப்பிட வந்திருந்தார். நானும் இருந்தேன். சாப்பிட்டு முடித்ததும், "ஒரு கூத்து காட்டறேன்" என்று டிவியில் அந்த வீடியோவைப் போட்டுவிட்டான், படுபாவி. நான் ரிமோட்டைப் பிடுங்கப் போனேன். தட்டு எடுக்க வந்த அண்ணி, "இரு" என்றாள்.

சுவர் அகலத்துக்கு அன்னம் சிறகை விரித்துக்கொண்டு வந்தது. அடித்தது. அண்ணியின் தலை முங்கி எழுந்தது. தெறித்த தண்ணீர் கேமராமேல் விழுந்து படமெல்லாம் கலங்கியது. ஒரு கட்டைவிரல் வந்து நிதானமாகத் துடைத்துவிட்டுப் போனது. அண்ணன் சிரிக்கிற சத்தம். அதற்கு நடுவே அண்ணியின் குரல், "ஏங்க! ஏங்க!"

நண்பர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"இவ்வளவு கிட்டயா இருந்தீங்க?" என்றாள் அண்ணி.

"அது... ஒரு நிமிஷம்தானே... நீ என்ன கத்தினேன்னே அப்ப புரியலம்மா."

"ஏங்கன்னு நான் வேற யாரைக் கூப்பிடுவேன்?"

அண்ணி தட்டுகளை மேசைமேலேயே வைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள். அவள் உதடு துடித்தது. அழுகை என்று நினைத்தேன். இல்லை, கோபம்.

"நாளைக்குக் காலையில ஏரிக்குப் போலாமா?"

"போலாம் அண்ணி."

அண்ணன் அவசரமாக எழுந்தான். "நானும் வர்றேன். படகு எடுத்துக்கறேன்."

"வேணாம்" என்றாள். "கூப்பிட்டா வர்ற ஆளாப் பார்த்துக் கூட்டிட்டுப் போறேன்."